தப்பு சொல்ல ஒரு ஆள்

அந்தச் செய்தி வந்தபோது ஃபிரேம் அக்கா ஒரு வாடிக்கையாளரின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கடையில் அவள் பொறுப்பு மூக்கும் காதும்தான். கண்ணுக்கு உள்ளறையில் வேறு ஆள் இருந்தார். எந்த மூக்கில் எந்த ஃபிரேம் உட்காரும், எது வழுக்கிக்கொண்டு வந்து வாயில் விழும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். இதிலேயே வருஷங்கள் ஓடி, அவளுடைய சொந்தப் பெயரைக் கடையில் எல்லாரும் மறந்துபோனார்கள். ஃபிரேம் காட்டுகிற அக்கா தேய்ந்து தேய்ந்து ஃபிரேம் அக்கா ஆகிவிட்டாள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த போன் உறுமியது. வாடிக்கையாளர் கண்ணாடி முன்னால் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாள்.

“அன்புள்ள மாணவரே, உங்கள் கற்றல் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம். இதுவரையிலான குழுக் கலந்துரையாடல்களின் அடிப்படையில், நீங்கள் இறுதித் தேர்வுக்கு இன்னும் தயாராகவில்லை என்று தெரிகிறது. அடிப்படைப் பாடத்தை மீண்டும் படிக்குமாறு பரிந்துரைக்கிறோம். மனம் தளர வேண்டாம்!”

கடைசியில் ஒரு சிரித்த முகம் வேறு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது எனக்கு எடுப்பா இருக்கா?” என்று வாடிக்கையாளர் கேட்டார்.

“ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றாள். அது அவருக்கு மூக்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் கழற்றச் சொல்லியிருப்பாள்.

உள்ளறையில் கண் பரிசோதிக்கிற பெரியவர், கடையில் டெஸ்ட் சார் என்று பெயர், மகள் வீட்டோடு போய்விடப்போகிறார். முதலாளி ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லிவிட்டார்: “இந்தப் பட்டயப் படிப்பை முடிச்சிட்டு வா, அந்த நாற்காலி உனக்கு. முடிக்கலேன்னா வெளியிலேர்ந்து ஆள் போடணும். அப்புறம் என்னைக் குறை சொல்லாதே.” நாற்காலி என்றால் வெறும் நாற்காலியா? நாள் முழுக்க நிற்கிற காலுக்கு ஓய்வு. ‘இந்தம்மா, அதை எடு, இதை எடு’ என்பவர்கள் ‘மேடம், எழுத்து மங்கலாத் தெரியுது’ என்று அடங்கி உட்காருகிற இடம். அவளுக்கு அது வேண்டும். வெட்கப்படாமல் சொன்னால், ரொம்ப வேண்டும்.

அதனால்தான் இந்த வயதில், வேலைக்கு நடுவில், ஆன்லைன் படிப்பில் சேர்ந்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்டாள் என்று சொல்ல முடியாது. ஆழம் தெரிந்துதான் விட்டாள். உள்ளே சம்பந்தி இருப்பது மட்டும்தான் தெரியாது.

அந்தப் படிப்பில் வருஷம் முழுக்கப் பரீட்சை கிடையாது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான். அதுவரைக்கும் நாலு நாலு பேராகக் குழு பிரித்து, வாரா வாரம் நடுவில் ஒரு கேள்வியை அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அரட்டை அறையில் உட்கார வைத்து, ‘சேர்ந்து யோசியுங்கள்’ என்று விட்டுவிடுவார்கள். அந்த அறையில் ஐந்தாவதாக ஒன்று இருக்கும். ஆள் இல்லை, மிஷின். பேசுகிற மிஷின். கல்லூரி அதற்கு வைத்த பெயர் கற்றல் தோழன். நாலு பேர் எழுதுவதையும் படித்துக்கொண்டே இருந்து, நடுநடுவே நுழையும். ‘உங்கள் நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறீர்களா? ஏன்?’ என்று கேட்கும். யாராவது கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், ‘இன்னும் ஒருவர் தம் கருத்தைப் பகிரவில்லை’ என்று விரல் நீட்டும். கடைசியில் யார் எப்படி என்று மார்க் போட்டு மேலே அனுப்பும்.

அவர்கள் குழுவில் அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தது ஃபிரேம் அக்காதான். எப்போதும் மரியாதை, எப்போதும் கேள்வி, எதைப் பரிமாறினாலும் திருப்தி கிடையாது. வேறு என்ன பெயர் வைப்பது?

குழுவில் மற்ற மூன்று பேரையும் சொல்லிவிட வேண்டும். ஒருத்தி கண் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். இன்னொருவர் பட்டாளத்திலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கி வந்து, லென்ஸ் தீட்டுகிற பட்டறையில் வேலை பார்ப்பவர். பட்டாளத்தார் என்றே கூப்பிட்டார்கள். முதல் நாள் எல்லாரும் திரையில் முகம் காட்டி அறிமுகம் செய்துகொண்டபோது, அவர் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான்காவது ஆள் ஒரு பையன். பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல், அதற்கு மேல் இந்தப் பட்டயத்துக்கு வந்திருந்தான். டிகிரி என்று பெயர்.

நல்லவர்கள்தான். ஆனால் நாலு பேருக்கும் டைப் அடித்துப் பேசுவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஒருத்தர் கேள்வி கேட்டு, அதற்கு இன்னொருத்தர் பதில் அடித்து முடிப்பதற்குள் மூன்றாவது ஆள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். அதனால் கேள்வி வந்த அன்றைக்கே நாலு பேரும் ஒரே அழைப்பில் சேர்ந்து போனில் பேசிவிடுவார்கள். பேச்சு என்றால் அதுதான் பேச்சு. பட்டாளத்தார் கணக்குப் போடுவார், நர்ஸ் நோயைச் சொல்லுவாள், டிகிரி புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று சொல்லுவான், ஃபிரேம் அக்கா ‘அதெல்லாம் சரி, கடைக்கு வர்ற ஆள் அப்படிச் சொல்ல மாட்டானே’ என்று குறுக்கே விழுவாள். சண்டை போட்டு, சிரித்து, ஒருத்தர் காலை ஒருத்தர் வாரி, கடைசியில் பதில் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிலை ஒருத்தர் அரட்டை அறையில் எழுதுவார். மற்ற மூவரும் ‘சரி’ என்பார்கள்.

சம்பந்தி முகத்தைத் தூக்கிக்கொண்டது. ‘குழுவில் கருத்துப் பரிமாற்றம் போதுமான அளவு நடக்கவில்லை. மாற்றுக் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன’ என்று எழுதி, மார்க்கில் கையை வைத்தது. போனில் விழுந்து புரண்டு போட்ட சண்டையெல்லாம் அதன் காதில் விழவில்லை. அது இல்லாத இடத்தில் நடந்தது எதுவும் நடந்ததாகவே அதற்குக் கணக்கில்லை.

“அதுக்குச் சண்டைதானே வேணும்? போட்டுக் காட்டிடுவோம்” என்று டிகிரி அன்றைக்குப் போனில் சொன்னான். “வாரத்துக்கு ஒருத்தர் தப்பாச் சொல்லணும். மத்த மூணு பேரும் திருத்தணும். கடைசியில அவர் ‘ஆமா, இப்பப் புரியுது’ன்னு ஒத்துக்கணும். முடிஞ்சது.”

எல்லாரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

முதல் வாரம் டிகிரியின் முறை. ‘கரண்டுக்குத்தான் பவர், கண்ணுக்கு எதற்குப் பவர்?’ என்று எழுதினான். சம்பந்தி, ‘தயவுசெய்து பாடத்தின் மீது கவனம் செலுத்துங்கள்’ என்று கண்டித்துவிட்டது. அடுத்த வாரம் நர்ஸ். அவளால் முடியவே இல்லை. “அக்கா, தப்புன்னு தெரிஞ்சு ஒண்ணை எழுதி அனுப்ப விரலே வர மாட்டேங்குது. வார்டுல தப்பா எழுதினா ஒருத்தர் கண்ணு போயிடும்” என்று மூக்கால் அழுதாள். மூன்றாவது பட்டாளத்தார். அவர் தப்பைச் சொன்னார், நன்றாகவே சொன்னார். கடைசியில் ஒத்துக்கொள்ளத்தான் மறுத்துவிட்டார். தூரத்துக்கும் படிப்பதற்கும் இரண்டு கண்மணிகளுக்கு நடுவே ஒரே இடைவெளிதான் என்று பிடித்த பிடியில் நின்றார். மறுநாள் போனில்கூட, “அப்படி என்ன பெரிசாக் குறைஞ்சிடும்?” என்று வாதாடினார். படிக்கும்போது இரண்டு கண்ணும் மூக்கை நோக்கி உள்ளே திரும்புகின்றன என்பதை அவருக்குப் புரியவைக்க ஃபிரேம் அக்காவுக்கு அன்றைய சாப்பாட்டு நேரம் முழுவதும் ஆயிற்று. மனுஷர் பொய்க்குச் சொன்னதை மெய்யாகவே நம்பிவிட்டார்.

நான்காவது வாரம் அவள் முறை வந்தது. ‘கண்ணாடி போடப் போடத்தான் பவர் ஏறும். கழற்றி வைத்தால் கண் தானாகப் பழகிக்கொள்ளும்’ என்று எழுதினாள். அதற்கு ஒரு காரணம், அந்தக் காரணத்துக்கு ஒரு உதாரணம், பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று. எல்லாம் கடையில் தாய்மார்கள் தினம் தினம் சொல்லுவதுதான். அவளுக்குத் தப்புக்கா பஞ்சம்? பத்து வருஷமாக வாடிக்கையாளர்கள் வாயிலிருந்து உதிர்ந்த தப்பெல்லாம் அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. ஒவ்வொன்றும் ஏன் தப்பு, எந்த இடத்தில் சரி மாதிரித் தெரியும் என்றும் அவளுக்குத் தெரியும். சம்பந்தி குளிர்ந்துபோனது. ‘மிகச் சிறந்த விவாதம்! பலருக்கும் இருக்கும் ஐயத்தை வெளிப்படையாகப் பகிர்ந்ததற்கு நன்றி’ என்றது. குழுவின் மார்க் விறுவிறுவென்று ஏறியது.

“அக்கா, அடுத்த வாரமும் நீங்களே பண்ணிடுங்க” என்றான் டிகிரி.

“உங்களை மாதிரி வராதுக்கா” என்றாள் நர்ஸ்.

“கலைஞரு நீங்கதாம்மா” என்றார் பட்டாளத்தார்.

புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? அவளும் மயங்கினாள். அதற்குப் பிறகு வாரா வாரம் அவள்தான் தப்புச் சொன்னாள். முன்கூட்டியே மற்ற மூவருக்கும், ‘நான் இப்படிச் சொல்லுவேன், நீங்கள் இப்படித் திருத்துங்கள்’ என்று போனில் சொல்லிக்கொடுத்ததும் அவளே. தானே குழி வெட்டி, மண் எப்படித் தள்ள வேண்டும் என்றும் காட்டிக்கொடுத்திருக்கிறாள் என்பது, மூக்கைப் பிடித்த ஃபிரேமோடு அந்த வாடிக்கையாளர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில், ஃபிரேம் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, உதவி மையத்துக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது. அது சம்பந்தியேதான்.

‘எனக்கு எல்லாம் தெரியும். நான் வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னேன்’ என்று எழுதினாள்.

‘சுவாரசியமான கருத்து! ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?’

‘நினைக்கவில்லை. அதுதான் உண்மை.’

‘உங்கள் கருத்தை ஆதாரத்துடன் விளக்க முடியுமா?’

‘நீ சண்டை கேட்டாய். சண்டை போட்டோம். எனக்குத் தெரியுமா தெரியாதா என்று இப்போதே கேள்வி கேட்டுப் பார்.’

‘தனித்துக் கற்பதை விடக் குழுவாகக் கற்பது பயன் தரும். இதைப் பற்றி உங்கள் குழுவினர் என்ன நினைக்கிறார்கள்?’

போனை முக்காலியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றாள். சுவரில் முட்டிக்கொண்டால்கூடச் சுவரில் சுண்ணாம்பாவது உதிரும். இது மரியாதையாகச் சிரித்துக்கொண்டே நின்ற இடத்தில் நிற்கிறது. அழுகை வரும்போல இருந்தது. அழுதால் கண் சிவக்கும், கண்ணாடிக்கடையில் எல்லாரும் கண்ணைத்தான் பார்ப்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

பாடம் எடுக்கிற ஆசிரியையைப் பிடிக்க இரண்டு நாள் அலைந்தாள். கடைசியில் அந்த அம்மாவே கூப்பிட்டாள். குரலில் களைப்பு. பின்னால் ஏதோ பிரஷர் குக்கர் கத்திக்கொண்டிருந்தது.

“உங்க பதிவு எல்லாத்தையும் பாத்தேன். எல்லா வாரமும் தப்பு. எல்லா வாரமும் மத்தவங்க திருத்தியிருக்காங்க. நான் என்னம்மா பண்றது?”

“மேடம், அது நாங்க பேசி வச்சுக்கிட்டது. நடிப்பு.”

அந்தப் பக்கம் குக்கரை அணைக்கிற சத்தம் கேட்டது.

“நடிப்புன்னு நான் எழுதி அனுப்பினா, குழு மார்க் மொத்தமும் ரத்து ஆயிடும். நாலு பேருக்கும் பரீட்சை கிடையாது. அனுப்பட்டுமா? நீங்களே சொல்லுங்க.”

ஃபிரேம் அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள். இப்படித்தான் கேட்பார்கள் பார். கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு, யாரை வெட்டட்டும் என்று நம்மையே கேட்பது.

“கடைசிக் கலந்துரையாடல் ஒண்ணு பாக்கி இருக்கில்ல?” ஆசிரியை கொஞ்சம் இறங்கி வந்தாள். “அதுக்கு மார்க் அதிகம். அதுல நீங்க சரியாச் சொல்லி, வேற ஒருத்தரோட தப்பைத் திருத்தி விளக்கினீங்கன்னா, அந்த மிஷின் உங்க மார்க்கைத் திரும்பக் கணக்குப் போடும். என்னால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

ஆக, விஷயம் எளிது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரில் ஒருத்தர் தப்புச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தப்பு. ஒரு வருஷமாக அவள் சுமந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி.

போன் அழைப்பில் அதைச் சொன்னாள். இவ்வளவு நாளும் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் முடிக்கவிடாமல் விழுகிறவர்கள், அன்றைக்கு ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள்.

“அக்கா... எனக்கு எழுத வராதுன்னு உங்களுக்கே தெரியுமே” என்றாள் நர்ஸ். “கடைசி நேரத்துல கை நடுங்கி வேற எதாவது ஆயிடுச்சுன்னா? எனக்கு இந்த வருஷம் முடிச்சாத்தான் பதவி உயர்வு.”

“எனக்கு மட்டும் என்ன, பொழுது போகாமலா படிக்கிறேன்?”

“அப்படிச் சொல்லலக்கா...”

“தம்பி, நீ?”

“பண்ணலாம்க்கா. பண்ணலாம்.” டிகிரி இழுத்தான். “ஆனா கடைசி வாரத்துக்கு மார்க் அதிகம்னு நீங்கதானே சொல்றீங்க. அதுல போய் நான் தப்புச் சொன்னா, என் பேரும் போயிடுச்சுன்னா? வீட்டுல ஏற்கெனவே என்னை ஒரு மாதிரிப் பாக்கறாங்க.”

“அண்ணே?”

பட்டாளத்தார் தொண்டையைச் செருமினார். “நாம எல்லாருமாச் சேர்ந்து வேற வழி யோசிப்போம்மா.”

வழவழா கொழகொழா. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “யோசிங்க, யோசிங்க. சேர்ந்து யோசிக்கிறதுக்குத்தானே சேர்த்து விட்டிருக்கான்!” என்று கத்திவிட்டு அழைப்பைத் துண்டித்தாள்.

அவள் கணவன் ஸ்கூல் வேன் ஓட்டுபவன். கதவருகே நின்று, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“நான் அப்பவே சொன்னேன். ரொம்ப நல்லவளா இருக்காதேன்னு.”

“எப்பங்க சொன்னீங்க?”

“கல்யாணமான புதுசுல. உங்க அண்ணன் விஷயத்துல.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். ராத்திரிக்கு அவனே தோசை ஊற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கணவன் டி.வி.யை அணைத்துவிட்டு, துவைத்த துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அவள் சாப்பாட்டு மேசையில் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். கடைசி வாரத்துக்கு மட்டும் கேள்வி அறைக்குள்ளேதான் வரும்; வந்தது.

‘ஒருவருக்கு வயது நாற்பத்தெட்டு. தூரம் பார்க்க மைனஸ் இரண்டு கண்ணாடி அணிகிறார். இப்போது படிப்பதற்குக் கூடுதலாகப் பிளஸ் ஒன்றரை தேவைப்படுகிறது. அவர் படிக்க மட்டும் பயன்படுத்தும் கண்ணாடியின் பவர் என்ன? சேர்ந்து யோசியுங்கள்.’

இதற்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம். ‘மைனஸ் அரை’ என்று அடித்தாள். ‘மைனஸ் இரண்டோடு பிளஸ் ஒன்றரையைச் சேர்த்தால் மிச்சம் மைனஸ் அரை.’

‘நன்று! மற்றவர்கள் இதை ஒப்புக்கொள்கிறீர்களா? ஏன்?’

நர்ஸ்: ‘ஒப்புக்கொள்கிறேன்.’

டிகிரி: ‘நானும். மிகச் சரியான விளக்கம்.’

பட்டாளத்தார் எழுதவில்லை.

சம்பந்தி காத்திருந்தது. பிறகு, ‘இதுவரை ஒரே கருத்து மட்டும் வந்துள்ளது. ஆழமான விவாதம் இல்லாமல் மதிப்பீடு செய்வது கடினம். மாற்றுக் கருத்து யாருக்கேனும் உண்டா?’ என்றது.

யாருக்கும் இல்லை. திரை அப்படியே நின்றது. நர்ஸ் எழுத ஆரம்பித்ததற்கு அடையாளமாக மூன்று புள்ளி துள்ளியது, நின்றது, மறுபடி துள்ளியது, காணாமல் போனது. ஃபிரேம் அக்கா சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வாரம்! ஒவ்வொரு வாரமும் தன்னை முட்டாளாக்கிக் காட்டி இவர்களுக்கு மார்க் வாங்கிக்கொடுத்தாளே, இன்றைக்கு ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுத இவர்களுக்கு விரல் இல்லையா? நாற்காலி போகட்டும். இந்த மூன்று பேரையும் நண்பர்கள் என்று நினைத்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

‘கலந்துரையாடல் விரைவில் நிறைவடையும்’ என்றது சம்பந்தி.

அப்போது பட்டாளத்தார் எழுதினார். ‘நான் ஒப்புக்கொள்ளவில்லை. விடை மைனஸ் மூன்றரை.’

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

‘வயது ஏறினால் பார்வை குறையும். பார்வை குறைந்தால் பவர் கூடும். இரண்டோடு ஒன்றரை கூடினால் மூன்றரை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.’

அது அவளுடைய பாணி. அப்படியே கடைக்கு வருகிற கூட்டத்தின் தப்பு. காரணமும் சரியாக இருந்தது, அகம்பாவமும் சரியாக இருந்தது. ஆனால் அவளுக்கு நன்றி தோன்றவில்லை. இவ்வளவு நாள் எங்கே போனீர் என்றுதான் தோன்றியது. அந்தக் கோபத்தோடேயே அடித்தாள்.

‘மைனஸும் பிளஸும் எதிரெதிர். ஒன்றை ஒன்று குறைக்கும், கூட்டாது.’

‘கண்ணாடி விஷயத்தில் அப்படிக் கிடையாது. என் பட்டறையில் மைனஸ் மூன்றரை எத்தனையோ தீட்டியிருக்கிறேன்.’

‘அது தூரத்துக்காக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு படித்தால் எழுத்து இன்னும் கலங்கும்.’

‘கலங்காது. பழகிவிடும்.’

அவர் விடவில்லை. வேண்டுமென்றே செய்கிறாரா, பழைய குணம் தலைதூக்கிவிட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. சம்பந்தி, ‘அருமை! தொடருங்கள்!’ என்று பக்கத்தில் நின்று குதித்தது. இப்போது அவள் சம்பந்திக்காக எழுதவில்லை. இந்த மனுஷனை எப்படியாவது மடக்க வேண்டும்.

‘அண்ணே, முதல் நாள் நம் எல்லாரையும் திரையில் பார்த்தீர்களே. போனைப் படிக்கும்போது உங்கள் கண்ணாடியை எங்கே வைத்தீர்கள்?’

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததையும் அடித்தாள்.

‘நெற்றிக்கு ஏற்றினீர்கள். உங்களுக்கும் மைனஸ்தான். வயது ஏற ஏற, படிக்க மைனஸ் கூடுதலாக வேண்டும் என்றால், இருக்கிற மைனஸை ஏன் கழற்றுகிறீர்கள்? கழற்றினால்தான் படிக்க முடிகிறது. ஏனென்றால் உங்கள் கண் பிளஸ் கேட்கிறது. பிளஸ் கிடைக்காததால் மைனஸைத் தூக்கிப் போடுகிறது. கணக்குப் புத்தகம் வேண்டாம், உங்கள் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.’

அனுப்பிவிட்டு மூச்சு வாங்கினாள். மாடியில் துணி உதறுகிற சத்தம் கேட்டது.

வெகு நேரம் கழித்து, எப்போதும் ஒற்றை விரலால் அடிக்கிற அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

‘தப்பு என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன்.’

இந்த ஒரு வருஷத்தில் பட்டாளத்தார் எழுதாத வரி அது. அவள் அதை இரண்டு தரம் படித்தாள்.

புதன்கிழமை, கடையைத் திறந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, போன் உறுமியது. அவள் இறுதித் தேர்வுக்குத் தகுதி பெற்றுவிட்டாள். நர்ஸ், டிகிரி, பட்டாளத்தார், மூன்று பேரும் தகுதிதான். பட்டாளத்தாரின் மார்க் அப்படியே இருந்தது. ஒரு தப்புக்கு அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. மற்ற வாரமெல்லாம் சரியாகச் சொன்ன ஆள் ஒன்றிரண்டு தடவை தடுமாறினால், அதைச் சம்பந்தி பெரிதாக எடுத்துக்கொள்ளாதாம். ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. இதை அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்று யோசித்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் அழைத்தார்கள். நர்ஸ் அழுதாள். “நான் அன்னிக்கு எழுத ஆரம்பிச்சேன்க்கா, சத்தியமா” என்றாள்.

“நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன் அக்கா, அதுக்குள்ள அண்ணன் முந்திக்கிட்டாரு” என்றான் டிகிரி.

“அதானே, உனக்கு எப்பவும் கொஞ்சம் நேரம் பத்தாது” என்றாள் அவள்.

மற்ற இருவரும் போன பிறகும் பட்டாளத்தார் அழைப்பில் இருந்தார்.

“நல்லா நடிச்சீங்க அண்ணே” என்றாள். குரலில் இன்னும் சூடு ஆறவில்லை.

“பவர் விஷயம் நடிப்புத்தாம்மா” என்றார் அவர். “கடைசி வரி நடிப்பில்ல. அதை அடிக்கத்தான் நேரமாச்சு.”

அவள் உம் கொட்டினாள்.   மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், பாதி மன்னித்திருந்தாள்.

பின்னறைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தபோது சம்பந்தியிடமிருந்து இன்னொரு செய்தி காத்திருந்தது.

‘வாழ்த்துகள்! தொடர்ந்து பின்தங்கியிருந்த நீங்கள், உங்கள் குழுவினரின் பொறுமையான வழிகாட்டலால் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளீர்கள். உங்கள் அனுபவத்தை மற்ற மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகப் பகிர விரும்புகிறோம். நுழைவுச் சீட்டைப் பெறுவதற்கு முன் ஒரு கடைசிக் கேள்வி: உங்கள் வெற்றிக்கு யார் காரணம் என்று நினைக்கிறீர்கள்? ஏன்?’

அவள் முதலில் ‘நான்’ என்று அடித்தாள். ‘ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும்’ என்று அடித்தாள். அடுத்து அது என்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். சுவாரசியமான கருத்து. ஆதாரத்துடன் விளக்க முடியுமா? உங்கள் குழுவினர் என்ன நினைக்கிறார்கள்? வெளியே வாடிக்கையாளர் யாரோ, “ஃபிரேம் காட்டறவங்க இல்லையா?” என்று கூப்பிட்டார். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. டெஸ்ட் சாரின் நாற்காலி காலியாக இருந்தது.

அடித்ததை எல்லாம் அழித்தாள்.

‘என் குழுவினர்தான் காரணம். நான் தப்பாகச் சொன்னபோதெல்லாம் அவர்கள் பொறுமையாகத் திருத்தினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது’ என்று எழுதினாள். காரணம் வைத்து, உதாரணம் வைத்து, எப்போதும்போல நன்றாக எழுதினாள்.

‘மிகச் சரியான பதில்!’ என்றது சம்பந்தி. நுழைவுச் சீட்டு வந்தது.

ஒரு வருஷமாக அவள் அந்த அறையில் சொன்ன எந்தத் தப்பையும் அது சரி என்று ஏற்றுக்கொண்டதில்லை. இதை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டது. அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபிரேம் காட்டப் போனாள்.